ஒரு டம்ளர் மைதா எத்தனை கிராம்

14.12.2009, திங்கள். கடலூர்

காலையிலேர்ந்து தூறல். துணி காயல. ஜெனி போன், சிதம்பரத்துலேர்ந்து. அக்கா பொண்ணு. கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் செஞ்சாளாம், எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு போச்சாம். "அம்மா சொன்ன அளவுதான் சித்தி. ரெண்டு டம்ளர் மைதா, முக்கா டம்ளர் சர்க்கரை. வந்து கிராம்ல மாத்திக் குடுங்க. தராசு வாங்கிட்டேன்."

அக்கா ஆகஸ்ட்ல தவறிட்டா. அதுலேர்ந்து மாமா சரியா சாப்பிடறதில்லயாம். போகணும்.

எடுத்துட்டுப் போக: வெண்ணெய், குடை, பி.பி. மாத்திரை.

15.12, செவ்வாய். சிதம்பரம்

குடையை மறந்தாச்சு. நல்லா நனைஞ்சேன்.

அக்காவோட எவர்சில்வர் டம்ளர். சர்க்கரையில தகராறு இல்ல, யார் அள்ளினாலும் 170 பக்கம். மைதாதான் படுத்துது. ஜெனி ஸ்பூனால தூவி நிரப்பினா 104. நான் டப்பாவுல முக்கி அள்ளினா 126. அக்கா எப்படி அள்ளுவா? ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்ல. வெக்கமா இருந்துச்சு.

ஹால்லேர்ந்து மாமா. சமையக்கட்டுப் பக்கமே வராத மனுஷன். "தட்டுவா. மேடையில டொக்கு டொக்குன்னு. மாவு எறங்கினதும் மேல இன்னும் போடுவா."

தட்டி நிரப்பினோம். 145.

"உங்களுக்கு எப்டிப்பா தெரியும்?"

"கேக்குதே."

கேட்டுச்சேன்னு சொல்ல வந்தாரு போல.

16.12, புதன்

145 கணக்குல பிசைஞ்சோம். ஒண்ணுகூட பிரியல. மாமா தட்டு நிறைய சாப்பிட்டாரு. ஜெனி அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் தொடச்சா.

மத்தியானம் கரண்ட் இல்ல. மூணு பேரும் ஹால்ல. சமையக்கட்டுல டொக், டொக். மழைத்தண்ணி சொட்டுதுன்னு நான். ஜெனி என் கையைப் பிடிச்சிக்கிட்டா. மாமா சாதாரணமா, "அவ இன்னொரு டம்ளர் போடுறா."

போய்ப் பாத்தேன். எங்கயும் ஒழுகல. கவுத்து வெச்ச டம்ளர் நிமிந்து இருந்துச்சு. ஜெனி எடுத்திருப்பா. அவகிட்ட கேக்கல.

17.12, வியாழன். கடலூர்

காலைல கிளம்புறப்ப ஜெனி டம்ளரை என் பையில திணிச்சா. "இனிமே தராசு போதும் சித்தி. இது இங்க வேணாம்." மாமா பாக்கல.

மழை ஜாஸ்தி. முட்டி வலி. பையை சமையக்கட்டுல வெச்சேன், இன்னும் பிரிக்கல. காபிகூட போடல. உள்ள போகத் தோணல.

சாயங்காலம் ஜெனி போன். "இங்க சத்தமே இல்ல சித்தி. அப்பா காலையிலேர்ந்து சமையக்கட்டு வாசல்ல சேர் போட்டு உக்காந்திருக்காரு. ஒரு வாய் சாப்பிடல. அம்மா உங்ககூட வந்துட்டாங்களான்னு கேக்கச் சொல்றாரு."

பேத்தாதடி, மாமாகிட்ட குடுன்னேன்.

"ஸ்டெல்லா, அவ மழையில நனையாம வந்தாளா?"

சமையக்கட்டுல வெச்ச பையைப் பாத்தேன். நனையல மாமா, நாளைக்குக் கூட்டியாறேன்னு சொல்லிட்டேன்.