சத்தம் என்னிடம், படம் உங்களிடம்

நானா, நீங்கள் காத்துவைத்த படத்தை, பிலிமில் பூசியிருந்த வெள்ளிக்காகக் கரைத்துவிட்டார்கள். உங்கள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதற்குள் ஏழு சுருளும் போட்டாதாங் பேட்டையிலுள்ள வெள்ளிப் பட்டறைக்குப் போய்விட்டன. விற்றது உங்கள் மகள்.

நேற்று எனக்குப் பலகாரம் கொண்டுவந்தாள், காலி பிலிம் டப்பாவில். மூடியைத் திறந்ததும் ஏலக்காயை மீறி பழைய பிலிமின் அந்தக் கார நெடி அடித்தது.

"ஏம்மா வித்தே?"

"ஊலே," என்று பர்மிய வழக்கில் சித்தப்பாவாக அழைத்தாள், "அது தீப்பிடிக்கிற சாமான். வீட்ல பிள்ளைங்க இருக்கு. வாப்பா இருந்த வரைக்கும் நான் வாயத் தொறந்தேனா?"

பலகாரத்தை நான் தொடவில்லை.

சினிமாக் கொட்டகையை ஒழித்தபோது, ஆபரேட்டரான நீங்கள் சுருள்களை எடுத்துக்கொண்டீர்கள். ரேடியோ பழுதுபார்க்கும் நான் இசைத்தட்டுகளை எடுத்துக்கொண்டேன். அமெரிக்கப் படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் வந்தது அந்தப் படம். பேச்சு பிலிமில் இல்லை, தனித் தட்டுகளில். முள்ளை நடுவில் வைத்தால், மற்ற தட்டுகளுக்கு மாறாக, விளிம்பை நோக்கி ஓடும். அதை ஓட்ட, யாரும் சொல்லித்தராமல் நானே ஒரு கருவி செய்தேன். புரொஜெக்டர் உங்கள் வீட்டில். இடையில் ஒரு பஸ் பயணம்தான்.

"படம் தாய், சத்தம் பிள்ளை. பிள்ளைதான்யா தாய்கிட்ட வரணும்" என்பீர்கள்.

"ஊமைத் தாய் கூப்பிட்டா எந்தப் பிள்ளைக்குக் கேக்கும், நானா?" என்பேன். டீக்கடையே சிரிக்கும்.

தட்டு பஸ்ஸில் உடையும் என்றேன். பிலிம் பஸ்ஸில் எரியும் என்றீர்கள். இரண்டும் உண்மை; ஒருநாளும் சேர்த்து ஓட்டவில்லை. எண்பத்தெட்டு மக்கள் எழுச்சியில் ராணுவம் தெருவில் சுட்டது, ஊரடங்கு தளர்ந்ததும் நீங்கள் கேட்டது, "தட்டு பத்திரமா?" என்றுதான்.

போன வருடம் பன்சோடான் தெரு நடைபாதையில் வாங்கிய ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். இந்தப் படத்தின் ஒரு பிரதிகூட உலகில் மிச்சமில்லை என்றிருந்தது. அன்றே ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் முதலில் வரட்டும் என்று இருந்தேன். படுக்கையில் கிடந்தவர் எப்படி வருவீர்கள்?

மூன்றாம் தட்டில் ஒருத்தி விடாமல் அழுகிறாள். யாருக்காக என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் கேட்டதே இல்லை.

இனி உங்கள் மகள் பட்டறைக்குப் போய், கரைக்காத துண்டு ஒரு முழமாவது உண்டா என்று விசாரிக்க வேண்டும். பட்டறைக்காரர் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பழைய படங்களைத் தேடும் அமெரிக்கர்களுக்குக் கடிதம் எழுதவேண்டியவன் நான். அவர்கள் வந்து கேட்கும்போது, இல்லை என்று சொல்லாமல் ஏழு தட்டுகளையும் கொடுத்துவிட வேண்டியவனும் நான்தான்.