வாட்ச்மேன் ஏரிக்குப் போகக் கூடாது

அண்ணா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. உன்னால் காட்ட முடியாது என்று தெரிந்தும் கேட்கிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் விடிவதற்குள் பெரியப்பா காதுக்குப் போய்விடும்.

என் கையில் மீன் தொட்டி நாற்றம். சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. நீ காலேஜுக்குக் கிளம்பும்போது உன் சட்டைக் கையிலும் இதே பாசி நாற்றம்தான் அடிக்கும். "செண்ட்டு எப்டி கீது பாப்பா?" என்று என் மூக்கருகே நீட்டுவாய். நான் அடிக்க வருவேன். இன்று கையை முகத்தை விட்டு எடுக்கவே மனம் வரவில்லை.

கோடையில் திருநின்றவூர் ஏரி வற்றி, ஓரத்தில் ஒரு சேற்றுக் குட்டை மட்டும் மிஞ்சியிருந்ததே, அதில்தான் நம் தொட்டி மீன்களைப் பிடித்தோம். அம்மாவின் கிழிந்த கொசுவலைதான் நம் வலை. விரால் குஞ்சுகளும் இரண்டு பனையேறிக் கெண்டையும் கிடைத்தன. மூடி போட்ட பெயிண்ட் பக்கெட்டில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். "மழ பேஞ்சி ஏரி ரொம்பட்டும். எங்க எடுத்தமோ அங்கியே வுட்டுடலாம்" என்றாய். ஒரு பனையேறி தொட்டியிலிருந்து குதித்து, செவுளைத் தரையில் ஊன்றி ஊன்றி சமையலறை வரை நடந்தே போனது. அம்மா அலறினாள். "பசிச்சி கீதும்மா, ஒரு தோசை போடு" என்றாய்.

பிறகு கடையிலிருந்து அந்தக் கறுப்பு மீனை வாங்கி வந்தாய். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் மீன். நாளெல்லாம் அசையாமல் கிடந்ததால் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்தாய். நான் உன்னோடு சண்டை போட்டேன். ஏரியில் ஒருவர் வலையை இழுத்தபோது இதே மீன் முள் செதிலோடு சிக்கி, வலையைக் கிழித்து, அவர் திட்டிக்கொண்டே அதைக் கரையில் வீசியதை நாம் இருவரும்தானே பார்த்தோம்? யாரோ வீட்டில் வளர்த்துவிட்டு ஏரியில் விட்டதன் வினை. "இன்னா மொறைக்கிற? நம்ம வாட்ச்மேன் ஊட்ட வுட்டு எங்கியும் போவ மாட்டான். போதுமா?" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னாய்.

வேலப்பன்சாவடியில் உன் பைக்கை லாரி இடித்த அடுத்த வாரமே மழை கொட்டியது. ஏரி நிரம்பிவிட்டது அண்ணா.

நாளை உன் காரியம். தொட்டியில் இருப்பதை எல்லாம் உன் பெயரால் ஏரியில் விடப் போகிறார்களாம். "வாயில்லா ஜீவனைக் கண்ணாடில அடைச்சி வெச்சான். அந்தப் பாவம் சும்மா வுடுமா?" என்கிறார் பெரியப்பா. நாம் எடுக்காமல் இருந்திருந்தால் அவை அந்தச் சேற்றிலேயே காய்ந்து செத்திருக்கும். இதைக் கேட்க இங்கே ஒருவரும் இல்லை.

இருந்தாலும் சொன்னேன். "பெரியப்பா, மத்ததெல்லாம் ஏரி மீனுதான், வுட்டுடுங்க. அந்தக் கறுப்பு மட்டும் வேணாம். அது கடை மீனு, ஏரியக் கெடுத்துடும்."

"ஏரிக்கு நீதான் ஓனரா? அம்மாம் பெரிய ஏரில இத்தூண்டு மீனு இன்னா பண்ணிடும்?"

நீ போன பிறகு நம் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். காரியத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மறுபடி வாயைத் திறந்ததும் பெரியப்பா எழுந்து நின்றார். "இன்னொரு வாட்டி பேசுனே, தொட்டிய அப்டியே தெருல கவுத்துடுவேன்." செய்யக்கூடியவர் என்று உனக்கே தெரியும். அம்மாதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவன் போற எடத்துலயாவது நல்லாருக்கட்டும்டி. தடுக்காத." அவர்களுடைய கோபத்தைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நீ பாவம் செய்துதான் செத்தாய் என்று அம்மா நம்பத் தொடங்கிவிட்டாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

எல்லோரும் படுத்த பிறகு வாட்ச்மேனை எடுத்துவிட்டேன். அதன் முள் என் துப்பட்டாவில் மாட்டிக்கொண்டது. கிழித்துத்தான் விடுவித்தேன். இப்போது அது பெயிண்ட் பக்கெட்டில், என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. காலையில் தொட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கோபத்தில் பெரியப்பா விரால்களையும் தெருவில் கொட்டிவிடுவாரோ என்னவோ. அவை இப்போது ஒரு சாண் நீளம். அவை ஏரிக்குப் போக வேண்டும், இது போகக் கூடாது. உன் பெயரால் நான் கேட்பது இவ்வளவுதான். ஊர் முழுக்க உன்னைப் பாவி என்று சொன்னாலும், என் தலையில் நீ வைத்த கை இன்னும் அங்கேதான்

விடிந்துவிட்டது போல, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவின் குரல். "பாப்பா, மீன் எடுத்துனு போவணுமாம். மூடி போட்ட பக்கெட்டு அங்க கீதா?"

அண்ணா, அது துள்ளுகிறது. ஒரு கையால் மூடியை அழுத்திக்கொண்டுதான் இதை