பின்கழுத்தில் விட்டுப்போன கற்றை

ஐப்பசி 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மேகம் ஜன்னலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மலைமேல் இந்த டிஸ்பென்சரிக்கு ஒருவரும் வரவில்லை. தலையில் அப்பியிருந்த மருதாணியைக் கழுவ நல்ல நாள் என்று நினைத்தேன்.

கழுவினேன். பார்த்தேன். ஐயோ.

போட்டது: மருதாணித் தூள் இரண்டு பிடி, தேயிலைத் தண்ணீர், எலுமிச்சை ஒன்று. இரும்புச் சட்டியில் ஒரு ராத்திரி. கறுத்த முடி அப்படியே. நரைத்த மூன்று கற்றை மட்டும் (நெற்றியோரம் இரண்டு, பின்கழுத்தில் ஒன்று) கனகாம்பர நிறம்.

முப்பத்தொரு வயதில் இந்த நரை. 27ந் தேதி முசிறியில் தம்பி கல்யாணம். போன தடவை பெரியம்மா எல்லோர் முன்னாலும் கேட்டது இன்னும் சுடுகிறது: "ஏண்டி, நர்சு வேலை பாத்தா தலையும் வெளுத்துப் போயிடுமா?" யுத்தம் வந்ததிலிருந்து துறையூர்க் கடையில் சீமைச் சாயம் கிடையாது. அதனால்தான் மருதாணி.

பியூன் காளியப்பன் எட்டிப் பார்த்தான். "ஏனுங்கம்மா, தலையில தீ கீ புடிச்சிருச்சுங்களா?" சிரிப்பை அடக்கக்கூட இல்லை, படவா.

ஐப்பசி 11, வியாழன்

வெயில். அட்டைத் தொல்லை. சீயக்காய் மூன்று தடவை, நிறம் அசையவில்லை. விளக்கெண்ணெயில் கரி குழைத்துப் பூசினேன். தலையணை உறைதான் கறுத்தது.

ஒரு யோசனை. வெள்ளைப் புடவை பழுப்பேறினால் சலவைக்கு நீலம் போடுகிறார்கள். பழுப்பை நீலம் எப்படித் தின்கிறது? தலையிலும் தின்னுமா? சீப்பில் வந்த சிவப்பு முடியைச் சேர்த்து மூன்று கிண்ணத்தில் பரீட்சை.

சலவை நீலம்: அலசியதும் போச்சு.
பிள்ளைகள் வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து, குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு: சிவப்பு அடங்கி மரப்பட்டை நிறம்!
அதுவே ஐந்து சொட்டு: கத்தரிப்பூ.

தலை முழுக்க என்றால் புட்டி காலியாகும். சர்க்கார் மருந்து. ஆறு சொட்டுக்கே மனசு உறுத்துகிறது. ஆனால் படிக்கிற காலத்தில்கூட இவ்வளவு சந்தோஷமாக எதையும் செய்ததில்லை.

காளியப்பன் சம்சாரம் தங்காயி: "நீலத்துக்கு அவுரித் தழை இருக்குதுங்களே. புளியஞ்சோலையில எங்கம்மா ஊட்டுல காயவெச்சிருக்காங்க." சொல்லி அனுப்பியாகிவிட்டது.

ஐப்பசி 13, சனி

எடப்புளி நாட்டிலிருந்து (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் நாடு) செல்லாயி மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மருமகள் பொன்னிக்கு மாசம் ஒன்பது. முதல் பிள்ளை குறுக்கே கிடந்து செத்துப் பிறந்தது. அப்போது இருந்த நர்சு இருபது வயதுப் பெண். செல்லாயி இன்றைக்கும் அவளைத்தான் திட்டுகிறாள். "இவங்க நரச்ச தலை, இவங்க கை வெச்சா வெக்கட்டும்" என்றுதான் எனக்குச் சம்மதித்தாள். இங்கே என் பெயரே நரச்சம்மா.

இந்தப் பிள்ளையும் குறுக்கேதான் கிடக்கிறது, தொட்டுப் பார்த்தேன். வலி எடுக்கும்போது நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு உயிர். பயமாக இருக்கிறது.

என் தலையைப் பார்த்து என்ன சொல்வாளோ என்றிருந்தேன். "நரச்சதுனாலதானுங்க செவந்திருக்குது. கறுத்த முடியில மருதாணி இப்படிப் புடிக்குமா?" என்றாள். அட, சிவப்பும் நரைக்குச் சாட்சி! எனக்குத் தோன்றவே இல்லை.

ஐப்பசி 15, திங்கள்

நேற்று அவுரி வந்தது. மருதாணி மாதிரியே எலுமிச்சை பிழிந்து ராத்திரி ஊறவைத்தேன். சீப்பு முடியில் துளி நிறம் ஏறவில்லை. தங்காயி தலையில் அடித்துக்கொண்டாள். "அவுரி காத்துக்கிட்டிருக்காதுங்கம்மா. வெதுவெதுன்னு தண்ணி, ஒரு கல்லு உப்பு. மேல நீலம் பூத்ததும் பூசிப்புடோணும்."

அப்படியே செய்தேன். ஒரு மணி நேரம். அலசினால் பச்சை! சாயங்காலத்துக்குள் பச்சை நீலமாகி, நீலம் கறுப்பாகி... கண்ணாடியை விட்டு நகரவில்லை. காற்றுப் படப்பட மாறுகிறது. ஏன்?

"பின்னால ஒரு கத்தை விட்டுப்போச்சுங்க" என்றாள் தங்காயி. இருப்பது ஒரே கண்ணாடி, பின்னால் எங்கே தெரிகிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நரைத்த தலைக்காகவே சம்மதித்த செல்லாயி நினைப்பு வந்தது. பொன்னிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி 16, செவ்வாய்

விடிந்ததும் ஆள் வந்தான். பொன்னிக்கு வலி. நாலு மைல், வழுக்குப் பாறை, ஓட்டமும் நடையும்.

செல்லாயி வாசலை மறித்தாள். தலையையே பார்த்தாள். "நரைய ஆராச்சும் கறுப்பாக்க முடியுமா? அப்ப அந்த வெள்ளதான் பூசுனது. எங்களுக்காவ வேசம் போட்டியா? நெசத்துல எத்தன வயசு உனக்கு?"

சாயம் என்றேன், அவுரி என்றேன். காதில் ஏறவில்லை. உள்ளே பொன்னி அலறுகிறாள். வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. கல்யாண வீட்டில் நாலு பேர் பார்ப்பதற்காக இந்தக் கறுப்பு.

சட்டென்று கொண்டையை அவிழ்த்துக் குனிந்தேன். பின்கழுத்துக் கற்றை. செக்கச்சிவப்பு, வேரில் ஒரு நூல் வெள்ளை. செல்லாயி விரலில் எச்சில் தொட்டு அந்த வேரைத் தேய்த்தாள். வெள்ளை போகவில்லை. இன்னொரு தடவை தேய்த்தாள். நகர்ந்து வழி விட்டாள்.

வயிற்றின்மேல் கை வைத்தே பிள்ளையைத் திருப்பினேன். இரண்டு தடவை நழுவியது, மூன்றாவது தடவை தலை கீழே வந்தது. மத்தியானம் பிறந்தது. பெண். நன்றாக அழுதது. நானும்தான்.

கிளம்பும்போது செல்லாயி வேலியோரம் கூப்பிட்டாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தன் தலையைத் தொட்டாள். முழு வெள்ளை. "ஏனுங்கம்மா, அந்தத் தழை இன்னுங் கொஞ்சம் கெடக்குதுங்களா?"

ஒரு பிடிதான் மிச்சம், பின்கற்றைக்கென்று வைத்திருந்தது. காளியப்பனிடம் கொடுத்தனுப்பினேன். முதலில் மருதாணி, அப்புறம்தான் இது என்று சொல்லி.