வியாழக்கிழமை ரொட்டி

பஸ்ரா

மைதமின் அம்மாவுக்கு,

இடக்கையால் எழுதுகிறேன். கோணலைப் பார்த்துவிட்டுக் கிளம்பி வராதே.

நம் மகன் நினைவாக வியாழன்தோறும் கொடுக்கும் இலவச ரொட்டியை இனித் தேர்தலில் நிற்கும் தன் தலைவன் பெயரில் கொடுக்கச் சொல்லி, போன வியாழன் சஜ்ஜாத் துப்பாக்கியோடு வந்தான்.

"செத்தவன் ஓட்டு போடுவானாய்யா?"

முடியாது என்றேன். என் வலக்கையைப் பிடித்துத் தந்தூர் அடுப்புச் சுவரில் வைத்து அழுத்தினான். ரொட்டிக்கு நின்றவர்கள் பாய்ந்து, என் ரொட்டிக் கம்பியாலேயே அவனை அடித்தார்கள். "போதும், விடுங்க" என்று கத்தினேன். மூச்சு நின்ற பிறகும் அடித்தார்கள்.

இன்று வரிசையில் முதல் ஆளாக சஜ்ஜாத்தின் தாய் நின்றாள்.

"மைதம் அப்பா, இன்னைக்கும் உங்க பையன் பேர்லதானா?"

"இல்லம்மா. சஜ்ஜாத் பேர்ல."

அவள் வாங்கிக்கொண்டாள். பின்னால் நின்றவர்களில் ஒருவரும் வாங்கவில்லை.

மைதம் கோபித்துக்கொள்ள மாட்டான். நீ?

உன் வீட்டுக்காரன்