அப்பா கேட்காத பேச்சு

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். வழக்கத்துக்காக எழுதுகிற நலம் இல்லை, டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்ன நலம். அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நான் அனுப்பிய செய்திக்கு, "சரிம்மா" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டாய். உன் கோபம் தெரியாதவளா நான்? கூட வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நீ கண் கலங்கச் சொல்கிறாய். அப்பா சட்டைப் பொத்தானைத் திருகியபடி சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "டீ ஆச்சா?" என்று கேட்கிறார். யாருக்குத்தான் வயிறு எரியாது? நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நானும் மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன். அந்தச் சாயங்காலத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் என்றால் பாதியிலேயே அழுதுவிடுவேன்.

அப்பாவுக்கு இருந்தது வலிப்பு. கை கால் வெட்டி இழுக்கிற வகை இல்லையாம், ஆள் சும்மா உறைந்துபோய் உட்கார்ந்துவிடுவாராம். மில்லில் துணி செக்கிங் மேசையில் கிழிசலும் கறையும் அவரைத் தாண்டிப் போனதற்கு அதுதான் காரணம். சூப்பர்வைசர் வயசாகிவிட்டது என்று நினைத்தார், நான் வீம்பு என்று நினைத்தேன். அது எங்கே கிளம்புகிறது என்று பார்க்க, ஆபரேஷனுக்கு முன்னால் தலைக்குள் மெல்லிய கம்பிகள் வைத்தார்கள். பார்வைக்கான பகுதிக்குப் பக்கத்தில் என்று டாக்டர் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணை நம்பிச் சாப்பிடுகிற மனுஷன் அல்லவா?

கம்பிகள் இருந்த நாட்களில் ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி வருவாள். உன் வயசுதான். திரையில் ஒரு புள்ளி இருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்து, அது லேசாக மங்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்துத் திரையில் மூளையின் அலைகளும், தனித்தனி செல்கள் துடிப்பதும் கோடு கோடாக ஓடும். அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் பொத்தான் துளையின் காஜா தையல் பிரிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா புள்ளியைப் பார்க்கவே ஆரம்பித்தார்.

முதல் நாளே ஒரு கூத்து. திரையில் அலை பெரிதாக எழும்பியது, அவர் புள்ளியைக் கோட்டைவிட்டார். வலிப்புதான் என்று நான் போட்ட கூச்சலில் நர்ஸுகள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். அந்தப் பெண் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஒண்ணும் இல்லம்மா, கவனம் கலைஞ்சிருக்கு, அவ்வளவுதான். உன்னிப்பா பாக்கும்போது இந்த அலை அடங்கிடும், செல்லுங்க ஒவ்வொண்ணும் அததோட வேலைய பாக்கும். சலிப்பு தட்டினா அலை ஏறும், செல்லுங்களும் அது கூடவே ஆட ஆரம்பிச்சிடும்" என்றாள். மில் தையல் ஹாலில் அவங்கவங்க மிஷினை அவங்கவங்க ஓட்டினால்தான் சட்டை வெளியே வரும், எல்லாரும் சேர்ந்து தாளம் போட்டால் வராது, அப்படித்தானே என்று அப்பா கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான், முழுசாக எங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை என்று சிரித்தாள்.

அப்புறம் நானும் திரையைக் கவனித்தேன். கரண்ட் பில், தண்ணீர் மோட்டார் என்று நான் வாயைத் திறந்தால் போதும், அலை ஜம்மென்று ஏறிவிடும். இத்தனை வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததை மெஷினே சொல்லிவிட்டது! இப்படி என் பேச்சைக் கேட்காமல் இருப்பது நோயில்லை என்று தெரிந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

நிஜமான வலிப்பு ஒரு மத்தியானம் வந்தது. பார்வை சுவரில் குத்திட்டு நின்றது. விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தன. திரையில் அத்தனை கோடுகளும் ஒன்றாகத் துள்ளின. கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அவர் என் பக்கம் திரும்பி, "டீ ஆச்சா?" என்றார்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சாயங்காலம் பார்த்த அதே பார்வை, அதே பொத்தான். இப்படி இருக்கும்போது யாராவது ஏதாவது சொன்னால் கேட்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். ஒரு வார்த்தைகூட மனசில் பதிந்திருக்காது என்றார்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். வலிப்பு கிளம்புகிற இடத்தைப் பார்வைக்குப் பங்கம் இல்லாமல் எடுத்துவிட்டார்கள். மாத்திரை மட்டும் தொடர வேண்டும். நேற்று ஜன்னல் திரைச்சீலையில் தையல் கோணல் என்று குறை சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் சண்டை போடக்கூடத் தோன்றவில்லை.

ஆனால் தினமும் உன்னைப் பற்றிக் கேட்கிறார். "அவ ஏன் எங்கிட்ட பேசறதே இல்ல? நான் ஏதாவது சொல்லிட்டனா?" என்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. அது நீ சொல்ல வேண்டிய விஷயம். அவர் சம்மதிப்பார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். குதிக்கவும் செய்வார், அவர் குணம் உனக்குத் தெரியாதா? நான் பக்கத்தில் இருப்பேன்.

லீவு கிடைக்கும்போது கிளம்பி வா. அவர் எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லு. அப்பா உனக்கு இன்னும் பதிலே சொல்லவில்லை, கண்ணு.

நீ நினைத்தது நடக்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா