மதிலிலிருந்து பத்தடி

5-2-1978, ஞாயிறு

இன்றும் ராமர் அத்தான் சுள்ளிக்கல்லிலிருந்து ஆட்டு நெஞ்செலும்போடு வந்துவிட்டார். பின்முற்றத்தில் பிளந்த பீப்பாய், சிரட்டைக் கனல், மேலே கம்பி வலை. கூடவே நாலு கூட்டாளிகள். என் வீட்டுக்காரரைக் கொச்சிக்குக் கூட்டி வந்து மிளகுக் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்த அண்ணன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் முற்றம் அவருக்குத்தான்.

புகை எழும்பியதும் எனக்கு இழுப்பு. உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு இருமினேன். இவரிடம் சொல்லவில்லை. அண்ணனும் தம்பியும் சிரிப்பது அந்த ஒரு நாள்தான்.

9-2-78

கார்ப்பரேஷன் ஆபீஸிலிருந்து நோட்டீஸ். முழுக்க மலையாளம். பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி மாமி படித்துச் சொன்னாள். வெளி அடுப்பு மதிலிலிருந்து பத்தடி தள்ளி இருக்க வேண்டுமாம். யாரோ பராதி கொடுத்திருக்கிறார்கள், எங்கள் மேல் புகார்.

10-2-78

முற்றத்தை அளந்தேன். மதிலுக்கு மதில் பதினோரு அடி. இந்த மதிலுக்குப் பத்தடி விட்டால் அந்த மதிலுக்கு ஒரு அடி. எந்த மதிலைச் சொல்கிறார்கள்? அடுக்களைக்குள் எரித்தால் குற்றமில்லையாம், வெளியே எரித்தால் குற்றமாம். இது என்ன கணக்கோ, ஒன்றும் பிடிபடவில்லை.

12-2-78, ஞாயிறு

பீப்பாயைப் பற்றவைக்கவில்லை. "எவன் எழுதிப் போட்டான்னு மட்டும் தெரியட்டும்" என்று அத்தான் கறியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். இவர் பீப்பாயை மதிலோரம் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். பாவம், மனசு விட்டுப் போயிருக்கும்.

13-2-78

மாமிதான் என்று நினைத்தேன். சைவம் ஆயிற்றே. கேட்டே விட்டேன்.

"நான் கறி திங்கமாட்டேன், சரி. அதுக்கு உன் அடுப்பை அணைக்கணுமாடீ? நேர வந்து சொல்ல நேக்கு வாய் இல்லையா?"

வெட்கமாகப் போயிற்று. அப்படியானால் யார்?

16-2-78

இவருக்காக ஆபீஸுக்குப் போனேன், நடுமுற்றத்திலாவது வைக்க அனுமதி கேட்டு.

"நடுவில வச்சாலும் அஞ்சரை அடிதானே சேச்சி" என்றார் கிளார்க். பராதி கொடுத்தது யார் என்றேன். அவர் விழித்தார். "உங்க வீட்டு ஆள்தானே?" என்று தாளைத் திருப்பினார்.

யாரையோ வைத்து மலையாளத்தில் எழுதியிருக்கிறது. கீழே தமிழில் கையெழுத்து. இசக்கிமுத்து. என் புருஷன்.

கிளார்க் வாசித்தார்: என் மனைவிக்குப் புகை ஆகாது, அவள் சொல்லமாட்டாள். அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆகையால் சர்க்கார் சொல்ல வேண்டும்.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன்? தெரியலை. பஸ்ஸுல வந்தேனா, நடந்து வந்தேனா... இந்த மனுசனுக்குத் தெரியுமா? எப்பவிருந்து தெரியும்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே. நானும்தான் சொல்லலை.

19-2-78, ஞாயிறு

அத்தான் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார், வெறுங்கையோடு. "ஆபீஸுக்குப் போனியாமே. யாருன்னு சொன்னாங்களா?"

சோற்றில் இவர் கை நின்றுவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

"நாந்தான் அத்தான் எழுதிக் குடுத்தேன். எனக்குப் புகை ஆகாது."

அத்தான் தட்டைத் தள்ளி வைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா மாயம்மா" என்றார். சாப்பிடாமல் போய்விட்டார். இவர் எழுந்திருக்கவும் இல்லை, அவரைக் கூப்பிடவும் இல்லை.

26-2-78, ஞாயிறு

அத்தான் வரவில்லை. இவர் மூன்று தரம் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு மூச்சு நன்றாக வருகிறது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.