படத்தில் இருந்தவனின் மூச்சு

இன்று காலை வில்லியனூர் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதிக்க என் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். அந்தக் குளிர்ச்சி பட்டதும் நீ நினைவில் வந்துவிட்டாய். வீடு திரும்பி, நம் மகளை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன்.

பாகூர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த வருஷம் அது. கரிக்கலாம்பாக்கத்தில் நாம் குத்தகைக்கு ஓட்டிய நிலத்தில் மனைக்கல் நட்டதும், நம் சிவலைப் பசு இரட்டைக் கன்று போட்டதும் அப்போதுதான். நீ தூக்கத்தைத் தொலைத்து அதற்குள் வெகுகாலம் ஆகியிருந்தது. பகலில் அரிசி போட மறந்து வெறும் உலையைக் கொதிக்க விடுவாய். ஒருமுறை வரப்பிலேயே கண் இருட்டி விழுந்தாய். கேட்டால், "தூக்கம் வர்ல, வுடுயா" என்பாய்.

டவுன் ஆஸ்பத்திரியில், தூக்கம் வராதவர்களின் கண் எதில் போய் நிற்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, நன்றாகத் தூங்குகிறவர்களும் வேண்டுமாம். உன்னோடு நானும் போனேன், பெருமையாகத்தான்.

திரைக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. அதிலுள்ள கேமரா நம் கருவிழி போகும் இடமெல்லாம் கூடவே வரும் என்றாள் அங்கிருந்த பெண். நமக்கு எழுத்து தெரியாது என்றதும் வார்த்தைகளை எடுத்துவிட்டுப் படங்களை வைத்தாள். முதலில் எனக்கு. குளிர்ந்த ஒரு தாங்கியில் தாடையை வைக்கச் சொன்னாள்.

"பொட்டு ஓடுது தாத்தா, கண்ணால தொரத்திட்டே வாங்க."

ஏரியில் ஒற்றை வாத்து போவதுபோல் பொட்டு மெல்ல நீந்தியது. நானும் அதோடு நீந்திப் போனேன். கரை தெரியவில்லை.

"இந்த ஆளுக்குத் தூக்கம் வருதான்னு பாக்க மிஷின் வேற வெக்கணுமா?"

உன் குரலில்தான் விழித்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். உன் கை என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தது.

அடுத்து நீ உட்கார்ந்தாய். கட்டில், தென்னந்தோப்பு, கடிகாரம், தூங்கும் ஒரு ஆள் என்று படங்கள் வந்து போயின. முடிந்ததும் உன் பார்வை தங்கிய இடங்களைச் சிவப்பாகக் காட்டினாள். தோப்பில் ஒன்றுமில்லை. கடிகாரத்தில் லேசாக. தூங்குகிறவனின் நெஞ்சில் மட்டும் குங்குமத்தைக் கொட்டியதுபோல் இருந்தது.

"ஏன் ஆயா நெஞ்சையே பாத்தீங்க?"

"மூச்சு வருதான்னு பாத்தேன்."

"படம் எப்படி ஆயா மூச்சு வுடும்?"

"வர்லியே. அதான் பாத்துகினே இருந்தேன்."

பிறகு என்னைக் காட்டினாய். "இவரு இப்டிதாம்மா. கொர்ருனு இழுப்பாரு, அப்புறம் சத்தமே இருக்காது. உலுக்கினாதான் மூச்சு திரும்பும்."

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட எழுந்தாள்.

"ஏம்மே, எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீயும் தூங்கமாட்ட. ரெண்டு பேரும் முழிச்சுகினு இன்னா பண்றது?"

நோயாளி நான்தான் என்று ஆயிற்று. இரவில் மாட்டிக்கொண்டு தூங்க, மூக்கில் காற்றடிக்கும் குழாய் ஒன்றைக் கொடுத்தார்கள். "யானைக்கு வாக்கப்பட்ட மாதிரி இருக்குது" என்று சிரித்தாய். ஆனால் என் மூச்சு அறுபடாமல் வரவர, உன் தூக்கம் எங்கிருந்தோ நடந்து வந்து உன் பக்கத்தில் படுத்துக்கொண்டது. நம் பாலை வாங்கிப்போகும் பால்காரர் வந்து கூப்பிட்டும் எழாமல் கிடந்தாய். வாய் திறந்து, குழந்தைபோல. இரண்டு சம்பா அறுப்புவரை அப்படித் தூங்கினாய். அப்புறம் ஒரு காய்ச்சலில் போய்விட்டாய்.

இப்போது என் கண்ணுக்கு உன் வழக்கம் வந்துவிட்டது. பாகூர் பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்ந்தவர், கோயில் நிழலில் துண்டு விரித்தவர், யாராக இருந்தாலும் பார்வை முதலில் நெஞ்சுக்குத்தான் போகிறது. அது ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே நகர்கிறேன்.

நேற்று மதியம் நம் கூடத்தில் ஒருத்தி சாப்பிட்டுவிட்டு அயர்ந்து தூங்கினாள். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூச்சு நன்றாக வருகிறது. உன்னோடு பிறந்தவர்களில் இப்போது இருப்பவள் அவள் மட்டும்தான், உன் தங்கை அஞ்சலை.